ஓட்டுப் போட்டால் வேலை நடக்குமா? கவுன்சிலர் இல்லாத அந்த ஐந்து வருடம்

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

சென்னை மாமன்றத்தின் பதவிக்காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் நேரத்துக்கு நடக்குமா, மறுபடியும் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்குப் போகுமா என்ற பேச்சு எங்கள் பக்கம் இப்போதே ஆரம்பித்துவிட்டது. ஊரகத்தில் பல மாவட்டங்களில் 2025 ஜனவரியிலேயே காலம் முடிந்து தனி அலுவலர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் இது காரணமில்லாத பயம் இல்லை.

மறந்தவர்களுக்காக: 2011-இல் வந்த மன்றம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தலை, இடஒதுக்கீட்டு விதியைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, இன்னொரு வழக்கு, கொரோனா என்று இழுத்து, 2022 பிப்ரவரி 19-இல்தான் ஓட்டுப்பதிவு. 1688-இல் தொடங்கிய, நாட்டிலேயே பழைய மாநகராட்சி, ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் ஓடியது. கமிஷனர்தான் மன்றம், கமிஷனர்தான் மேயர்.

எங்கள் தெருவில் பாதிப்பேர், "அந்தக் காலம்தான் நிம்மதி, வீடு கட்ட ஜல்லி கொட்டினால் கை நீட்ட ஆள் இல்லை, மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் போட்டால் ஆள் வந்தது" என்கிறார்கள். மீதிப்பேர், "போன் போடத் தெரிந்தவனுக்கு வந்தது" என்கிறார்கள்.

இதை நம் வார்டோடு நிறுத்தாமல் கேட்கிறேன். நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் தேர்தல் நடப்பதால் அரசாங்கம் ஒழுங்காக வேலை செய்கிறதா? என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற வேலையை ஓட்டு வாங்கித் தரும். தெரியாத வேலையைத் தராது. அதற்கு, ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவே நின்று கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும். 2016-இல் பூட்டு விழுந்தது அந்த இடத்துக்குத்தான்.

திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள். கட்சிப் பாட்டு மட்டும் வேண்டாம்.

கப்பல் பட்டறை எழுதியது:

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராகப் பாதி ஆயுளைக் கழித்தவன். இந்தக் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. 1959-இலிருந்து ஒரே கட்சி. 1960-இல் வீட்டு வசதிக் கழகம் ஆரம்பித்தார்கள், குடிசையில் இருந்தவனெல்லாம் அடுக்கு வீட்டுக்குப் போனான். தென் கொரியாவை எடுங்கள், 1961-இல் ராணுவத்தோடு வந்த பார்க் சுங் ஹீதான் கப்பல் கட்டும் தொழிலையும் இரும்பு ஆலையையும் நிறுவினார். ஓட்டுச் சுதந்திரம் 1987-இல்தான் வந்தது. முதலில் சோறு, அப்புறம் ஓட்டு.

நாம் என்ன செய்தோம்? ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரலில் பணம் ஆறாக ஓடுகிறது என்று தேர்தல் ஆணையமே இடைத்தேர்தலை நிறுத்தியது. டிசம்பர் 21-இல் திரும்ப நடத்தினார்கள். பிறகு பணம் தருவதற்கு அடையாளமாகக் கொடுத்ததாகச் சொன்ன இருபது ரூபாய் நோட்டு டோக்கன் பற்றி அப்போது ஊரே சிரித்தது. இதற்குப் பெயர் ஜனநாயகமா? ஒழுங்கான ஓர் அதிகாரியைப் பத்து வருடம் உட்கார வையுங்கள், ஓட்டேரி நல்லா என்கிற சாக்கடைக் கால்வாயிலேயே மீன் பிடிக்கலாம்.

வியாசர்பாடி அத்தோ எழுதியது:

கப்பல் பட்டறை அண்ணே, உங்களுக்கு லீ குவான் யூ கிடைத்தார். எங்கள் தாத்தாவுக்கு நே வின் கிடைத்தார்.

எங்கள் குடும்பம் ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்தது. 1962-இல் நே வின் ராணுவத்தோடு வந்தார். அவரும் ஒழுங்கு, கட்டுப்பாடு, பத்தே வருடம் பொறுங்கள் என்றுதான் பேசினார். 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதே வருடம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், பெட்டியில் இருந்த பணமும் போய், கப்பலேறி மதராசுக்கு வந்து இறங்கியவர்கள்தான் வியாசர்பாடி பர்மாக்காரர்கள். பாரிமுனையில் நீங்கள் நின்றுகொண்டே சாப்பிடும் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

அந்த மனிதர் 1988 வரை நகரவில்லை. 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே அறிவிப்பில் ஒழித்துவிட்டு, ஒன்பதால் வகுபடுகிற 45, 90 கியாட் நோட்டுகளை அடித்தார். ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிசி அனுப்பிய நாடு, அந்த வருடம் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. எதிர்த்து ஓட்டுப் போட அங்கே யாருக்கும் வழி இல்லை.

"ஒழுங்கான ஓர் அதிகாரி" என்கிறீர்கள். அவர் ஒழுங்கானவரா என்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் எந்தக் கப்பலில் ஏறுவது?

பழைய வாத்தியார் எழுதியது:

அத்தோ தம்பி சொன்னதற்கு மேல் பெரிதாகச் சொல்ல இல்லை. இரண்டு சேர்க்கைகள் மட்டும்.

முதலாவது, சிங்கப்பூரில் தேர்தலே இல்லாதது போலப் பேசக்கூடாது. 1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் ஜெயரத்தினம் ஒற்றை ஆளாக ஜெயித்து உள்ளே போனார். 1984 பொதுத்தேர்தலில் ஆளும் கட்சியின் ஓட்டு சுமார் 65 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2011-இல் 60 விழுக்காடு, அல்ஜூனிட் தொகுதியும் கைவிட்டுப் போனது. அந்த மாதமே லீ குவான் யூ அமைச்சரவையிலிருந்து விலகினார். அதன் பிறகு அரசு வீடுகள் கட்டுவதை வேகப்படுத்தினார்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதியை இறுக்கினார்கள். நம் ஆட்கள் சிலருக்கு பர்மிட் கிடைக்காமல் போனது அந்த ஓட்டின் விளைவுதான். தோற்றுவிடுவோமோ என்ற பயம் அங்கேயும் வேலை செய்தது.

இரண்டாவது, பஞ்சம். சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொல்லி வருகிறார். 1943 வங்கப் பஞ்சம் வெள்ளைக்காரன் ஆட்சியில். சீனாவில் 1958-க்கும் 1961-க்கும் இடையே கோடிக்கணக்கில் செத்தபோது, மேலிடத்துக்குக் கீழிருந்து போன கணக்கெல்லாம் அமோக விளைச்சல் என்றுதான் போனது. ஆனால் அதே சென் இன்னொன்றையும் சொல்கிறார், அதை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. பஞ்சத்தைத் தடுத்த இந்திய ஜனநாயகம், அன்றாட ஊட்டச்சத்துக் குறைவைத் தடுக்கவில்லை. பஞ்சம் தலைப்புச் செய்தி ஆகும். எடை குறைந்த குழந்தை ஆகாது. தண்டையார்பேட்டைக்காரன் சொல்கிற "கண்ணுக்குத் தெரியாத வேலை" இதுதான் என்று நினைக்கிறேன்.

கொருக்குப்பேட்டை அக்கா எழுதியது:

ஓட்டுக்குப் பணம் வாங்கினோம் என்று ஆளாளுக்கு எங்கள் ஆர்.கே. நகர் தொகுதியைத்தான் இழுக்கிறீர்கள். சரி, நானே பேசுகிறேன். நான் மகளிர் குழு நடத்துகிறவள். யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

2017 டிசம்பரில் சுயேச்சையாக நின்றவர் பிரஷர் குக்கர் சின்னத்தில் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சி தோற்றது, பெரிய எதிர்க்கட்சிக்கு டெபாசிட்டே போனது. காசு கொடுத்தால் ஓட்டு விழும் என்றால் ஆளுங்கட்சி எப்படித் தோற்கும்? பணம் எல்லாப் பக்கமும் வந்தது. வாங்கினவர்கள் எல்லாரிடமும் வாங்கினார்கள், உள்ளே போய் இஷ்டப்பட்ட பொத்தானை அழுத்தினார்கள். மெஷினுக்குள் எட்டிப் பார்க்க எவனாலும் முடியாது.

ஏன் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். குடிநீரில் சாக்கடை கலந்து வருகிறது என்று மனு கொடுத்தால், அது எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியாது. கையில் வருகிற ரூபாய் மட்டும்தான் உறுதி. பெட்டியில் விழுகிற வாக்குறுதியை நம்புவதற்கு எங்களுக்குக் காரணம் யாரும் கொடுக்கவில்லை. இதற்கு எங்களைக் கேவலமாகப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

தேமா கிரேன் எழுதியது:

அக்கா, கும்பிடுகிறேன். ராயபுரத்தில் பிறந்தவன், இப்போது கானாவில் தேமா துறைமுகத்தில் கிரேன் வேலை. இந்த இழையைப் படித்தால் இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் பேசுவது போலவே இருக்கிறது.

கானாவை ஆப்பிரிக்காவின் நல்ல பிள்ளை என்பார்கள். 1992 அரசியல் சட்டத்துக்குப் பிறகு 2000, 2008, 2016, 2024 என்று நான்கு முறை ஆட்சி எதிர்க்கட்சிக்கு அமைதியாக மாறியிருக்கிறது. தோற்றவர் போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஜனங்கள் தண்டிக்கவும் செய்கிறார்கள். 2012-இலிருந்து மூன்று நான்கு வருடம் கரண்ட் கட் உயிரை வாங்கியது, "டும்சோர்" என்று பெயர். 2016-இல் அதிபர் மஹாமாவைத் தூக்கி எறிந்தார்கள். அடுத்து வந்தவர் ஆட்சியில் 2022-இல் விலைவாசி ஏற்றம் 50 விழுக்காட்டைத் தாண்டியது, நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2024-இல் அந்தக் கட்சியை இறக்கிவிட்டு யாரைக் கொண்டுவந்தார்கள்? அதே மஹாமாவை. சிரிக்காதீர்கள், நம் ஊரில் நடக்காததா?

ஆனால் ஓட்டு ஒன்றும் வாங்கித் தரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016 தேர்தலில் மேல்நிலைப் பள்ளி இலவசம் என்று வாக்குக் கொடுத்தார்கள், 2017 செப்டம்பரில் செய்தும் காட்டினார்கள். என் மேஸ்திரியின் மகள் அதனால்தான் படித்தாள். கூட்டம் தாங்காமல் 2018-இல் பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து முறை வைத்துப் பள்ளிக்கு அழைத்தார்கள். சேர்க்கை கூடியது எல்லாருக்கும் தெரிந்தது. வகுப்பறை போதாதது தேர்தல் மேடைக்கு வரவில்லை.

இன்னொன்று, "கலம்சே" என்கிற திருட்டுத் தங்கச் சுரங்கம். ஆறுகள் மஞ்சளாக ஓடுகின்றன. இரண்டு கட்சியும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது கத்துகிறார்கள், ஆட்சிக்கு வந்தால் அடங்கிவிடுகிறார்கள். சுரங்கக்காரனும் ஓட்டுப் போடுகிறான், காசும் கொடுக்கிறான். கெட்டுப்போன ஆறு யார் கணக்கிலும் வராது.

உங்கள் கவுன்சிலர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஊராட்சி, நகராட்சித் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அதிபர்தான் நியமிக்கிறார். உள்ளூர் மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு போல நியமன உறுப்பினர்கள். உள்ளூர்த் தேர்தலில் கட்சி நிற்கவே கூடாது என்று சட்டம். இதை மாற்ற 2019-இல் பொதுவாக்கெடுப்பு வைக்கப் போனார்கள், கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். அதிபர் தேர்தல் என்றால் விடிகாலையிலேயே வரிசை கட்டுகிற அதே ஜனம், உள்ளூர்த் தேர்தலுக்கு எட்டிப் பார்ப்பதில்லை. தலைவர் அதிபரின் ஆள் என்றால் எதற்குப் போக வேண்டும் என்கிறார்கள். தேமாவில் சாக்கடை அடைத்தால் திட்டுவதற்கு ஆள் அக்ராவில் இருக்கிறான்.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

தேமா, நீங்கள் சொன்ன கடைசி வரிதான் எனக்கு வேண்டியது. சென்னையிலும் 2022 மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப்பதிவு 44 விழுக்காட்டைத் தொடவில்லை. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு அலைமோதிய கூட்டம் இதற்கு வரவில்லை.

கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு நம் பக்கத்தில் உதாரணம் தேட வேண்டியதே இல்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் மெட்ரோ 2021 பிப்ரவரி 14-இல் திறந்தார்கள், ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். வட சென்னை வளர்ச்சித் திட்டம் முதலில் 1,000 கோடி என்று 2023-இல் அறிவித்தார்கள். 2024 மார்ச் 14-இல் தங்கசாலையில் 4,181 கோடியாகத் தொடங்கினார்கள். 16-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அட்டவணை வந்தது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேர்தல் இல்லாவிட்டால் இந்தத் தேதிகளே வந்திருக்காது. ஜெயித்தாலும் தோற்றாலும் ரயில் ஓடுகிறது, நான் தினம் அதில்தான் போகிறேன்.

இப்போது தெரியாத பக்கம். எண்ணூர், மணலி காற்றைக் கவனிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அனல்மின் நிலையச் சாம்பல் மின்வாரியம். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி. ஆறும் பெரிய கால்வாயும் நீர்வளத் துறை. கண்டெய்னர் லாரி வரிசை துறைமுகம், அது ஒன்றிய அரசு. இதில் கவுன்சிலர் கையில் இருப்பது எத்தனை? கோபம் வந்தால் யாருக்கு எதிராக ஓட்டுப் போடுவது என்றே தெரியாதபடி வேலையைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள்.

முகத்துவாரம் எழுதியது:

எண்ணூர்க்காரன் வந்துவிட்டேன்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கருப்பு. அள்ளுவதற்கு எங்கள் ஆட்களையே பக்கெட்டும் கையுமாக இறக்கினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கடலுக்கடியில் போகிற குழாயில் அமோனியா கசிந்து ஊரே எழுந்து ஓடியது. எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர் எல்லாரும் வந்தார்கள், நின்றார்கள், போட்டோ எடுத்தார்கள். ஆலைக்காரர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது யார் தெரியுமா? பசுமைத் தீர்ப்பாயம். அதில் யாருக்கும் நாங்கள் ஓட்டுப் போடவில்லை.

அதனால் "ஓட்டு, ஓட்டு" என்று ரொம்பவும் பாட வேண்டாம். எங்களுக்குக் கொஞ்சமாவது உதவியது ஓட்டு வாங்காதவர்கள்தான்.

கப்பல் பட்டறை எழுதியது:

அப்படிச் சொல்லுங்கள் முகத்துவாரம்! நான் சொன்னால் சர்வாதிகாரி என்கிறார்கள்.

கொரோனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020-இல் தொற்றில் ராயபுரம் மண்டலம்தான் சென்னைக்கே முதலிடம். கவுன்சிலர் ஒருவர் இல்லை. அதிகாரிகள்தான் தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டார்கள், வீடு வீடாக ஆள் அனுப்பி சளி இருமல் விசாரித்தார்கள். மன்றம் இருந்திருந்தால் முகாம் யார் வீட்டு வாசலில் என்று சண்டை போட்டிருப்பார்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா எழுதியது:

அண்ணே, அந்த வீடு வீடாகப் போன ஆட்களில் பாதி எங்கள் மாதிரிப் பெண்கள். எந்தச் சந்தில் யார் படுத்திருக்கிறார்கள், யார் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். அதிகாரி கெட்டிக்காரர்தான். ஆனால் அவருக்குக் கீழே தெருவைத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. சமுதாயக் கூடத்தில் தங்க வைத்த வெளியூர்த் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு பத்தவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்று நாங்கள் அலைந்தது அலைச்சல்.

பழைய வாத்தியார் எழுதியது:

முகத்துவாரம் சொன்னதை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். தீர்ப்பாயம் 2010-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. அங்கே வழக்கு போக முடிந்ததே, நீங்கள் கேமரா முன் நின்று பேசியும் போலீஸ் அள்ளிக்கொண்டு போகாததால்தான். தேர்தல் நடப்பது மட்டும் ஜனநாயகம் ஆகாது, அதைச் சுற்றி நிற்கும் பத்திரிகை, நீதிமன்றம், சங்கம் எல்லாம் சேர்ந்தால்தான் ஆகும்.

இதற்கு நல்ல ஆதாரம் பிரேசிலில் இருக்கிறது. 2003-இலிருந்து அங்கே நகராட்சிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்தார்கள். சில ஊர்களில் அறிக்கை 2004 தேர்தலுக்கு முன்னால் வெளியானது, சிலவற்றில் பின்னால். முன்னால் வெளியான ஊர்களில் ஊழல் மேயர்கள் அதிகம் தோற்றார்கள். உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் இன்னும் அதிகமாகத் தோற்றார்கள். ஓட்டு ஒன்றுதான். கையில் தகவல் இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

அதே பிரேசிலில் இன்னொன்று. காகிதச் சீட்டில் வேட்பாளர் பெயரையோ எண்ணையோ எழுத வேண்டும் என்பதால் எழுத்தறியாதவர்கள் ஓட்டு பெருமளவு செல்லாமல் போனது. 1998-இல் வாக்காளர் 40,500-க்கு மேல் உள்ள நகராட்சிகளில் மட்டும் மெஷின் வைத்தார்கள். படத்தைப் பார்த்து அழுத்தலாம். செல்லாத ஓட்டு சடசடவென்று குறைந்தது. ஏழைகளின் ஓட்டு எண்ணிக்கையில் ஏறியதும் மாநில அரசுகளின் செலவு பொதுச் சுகாதாரத்தின் பக்கம் திரும்பியது, படிக்காத தாய்மாருக்கு எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் குறைந்தன. ஃபுஜிவாரா என்ற பொருளாதார அறிஞர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நாம் 1951-52 தேர்தலிலேயே சின்னம் வைத்து அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டோம். தமிழ்நாட்டில் ரேஷனும் சத்துணவும் எந்த ஆட்சி வந்தாலும் நிற்காமல் ஓடுவதற்கு இதில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். ரேஷன் கடையில் கை வைத்தால் ஓட்டுப் போய்விடும் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

வியாசர்பாடி அத்தோ எழுதியது:

ஐயா, பிரேசில் இருக்கட்டும். குப்பை விஷயத்தில் மன்றம் இருந்தும் என்ன ஆனது?

2020-இல் தனி அலுவலர் காலத்தில் பல மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போனது. கேட்க மன்றம் இல்லை, சரி. 2025-இல் மன்றம் இருந்தது, மேயரே நம் திரு.வி.க. நகர்ப் பெண். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள், நடுராத்திரியில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. இரண்டு காலத்திலும் முடிவு ஒன்றுதானே, தண்டையார்பேட்டை?

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

முடிவு ஒன்றுதான். அதை மறுக்க மாட்டேன். 2020-இல் இந்த வேலை கைமாறியதே நம்மில் பலருக்கு, வண்டியின் நிறம் மாறிய பிறகுதான் தெரிந்தது. 2025-இல் தீர்மானம் எந்தக் கூட்டத்தில் வந்தது, யார் கை தூக்கினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். உட்கார ஒரு வாசல் இருந்தது. அந்தப் பெண்களுக்கு இது ஆறுதல் இல்லை, தெரியும். ஆனால் அடுத்த தேர்தலில் அந்தப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுப் போடலாம். தனி அலுவலருக்கு எதிராக என்னத்தைப் போடுவது?

நெறியாளர்:

இடையில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தலைவர் படம் ஒட்டுவதற்கு வேறு இழை இருக்கிறது.

காவாங்கரை எழுதியது:

வணக்கம். நீண்ட நாளாக வாசிக்கிறேன், எழுதுவது குறைவு. புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறேன். 1990-இல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படகில் வந்தவன். எனக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை. என் பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள், அவர்களுக்கும் இல்லை.

ஓட்டு இல்லாதவனுக்கு அரசாங்கம் ஒன்றும் செய்யாது என்று சொன்னால் அது பொய். மாதா மாதம் உதவித்தொகை வருகிறது, அரிசி வருகிறது, பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தார்கள். 2021-இல் "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினார்கள், தமிழ்நாடு முழுக்க 7,469 வீடு கட்டுவோம் என்று அறிவித்தார்கள். பல ஊர்களில் வடிவாகக் கட்டியும் கொடுத்தார்கள். இவையெல்லாம் எங்கள் ஓட்டுக்காக இல்லை. எங்களைப் பற்றி நினைக்கிற உங்கள் ஓட்டுக்காக. அதற்கு நன்றி உண்டு.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், கேட்கப் போகும்போது. தருவதை வாங்கலாம். "இது வேண்டாம், அது வேண்டும்" என்று சொல்ல முடியாது. கழிப்பறைக் கதவு உடைந்தால் வருவாய்த் துறை ஆட்களிடம் பணிந்து கதைக்க வேண்டும். அவர் நல்லவராக இருந்தால் நடக்கும். மாற்றலாகிப் போய்விட்டால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. கப்பல் பட்டறை அண்ணன் சொல்கிற நல்ல அதிகாரி ஆட்சியில்தான் நான் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன்.

இலங்கையில், எங்கள் ஊரிலும் இதே கதைதான். வட மாகாண சபைக்கு 2013-இல் முதல் தேர்தல் நடந்தது, 38 ஆசனத்தில் 30-ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. 2018 அக்டோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். எல்லை நிர்ணயம், சட்டத் திருத்தம் என்று உங்களுக்குச் சொன்ன அதே காரணங்கள். கொழும்பில் மட்டும் தேர்தல் ஒழுங்காக நடக்கும். 2020-இல் ராஜபக்ச தரப்புக்கு 225-இல் 145 ஆசனம் கொடுத்தார்கள். இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தி, வரியைக் குறைத்து, 2022-இல் நாடே வங்குரோத்து, உங்கள் தமிழில் திவால். வாக்களித்த சனமே அதிபர் மாளிகைக்குள் புகுந்து விரட்டியது. ஐந்து வருடம் பொறுத்திருக்க அவர்களால் முடியவில்லை. இடையில் நிறுத்திக் கேட்க ஓர் ஒழுங்கும் மிச்சம் வைக்கப்படவில்லை.

முகத்துவாரம் எழுதியது:

காவாங்கரை, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் தீர்ப்பாயத்துக்குப் போன எங்கள் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் ஓட்டுரிமை உள்ளவர்கள். அவர்களைத் தொட போலீஸ் யோசிக்கும். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கப்பல் பட்டறை எழுதியது:

சரி, கவுன்சிலர் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. கூட்டத்துக்கு வருவது அம்மா, பேசுவது வீட்டுக்காரர், கான்டிராக்டரிடம் போவது மச்சான். இதற்கு 50 விழுக்காடு எதற்கு?

கொருக்குப்பேட்டை அக்கா எழுதியது:

முதல் தடவை அப்படித்தான் இருக்கும். எங்கள் பக்கத்து வார்டில் முதல் ஆறு மாதம் வீட்டுக்காரர்தான் எல்லாம். இப்போது அவரை "நீங்கள் வெளியே இருங்கள்" என்று அந்த அம்மாவே சொல்கிறார்.

பழைய வாத்தியார் எழுதியது:

மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் இதையே ஆராய்ந்தார்கள். எஸ்தர் டுஃப்ளோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் 2004-இல் வெளியிட்டது. தலைவர் பதவி பெண்ணுக்கு என்று ஒதுக்கிய கிராமங்களில் குடிநீருக்குக் கூடுதல் பணம் போனது, ஏனென்றால் அங்கே பெண்கள் அதிகம் புகார் கொடுத்தது தண்ணீருக்குத்தான். அங்கேயும் வீட்டுக்காரர் தலையீடு உண்டு. அதையும் மீறித்தான் அது நடந்திருக்கிறது.

தேமா கிரேன் எழுதியது:

வாத்தியாரே, நான் கிளம்புகிறேன், ஷிப்ட் ஆரம்பம். ஒரே கேள்வி. சென்னையில் இப்போது வார்டு குழு, பகுதி சபை என்று ஏதோ வந்திருக்கிறதாமே? அதில் யாராவது போனீர்களா?

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

2022-இல் விதி வந்தது. பகுதி சபை என்றால் வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் கேள்வி கேட்கும் கூட்டம், அதற்கு வருடத்தில் சில நாட்களைக் குறித்திருக்கிறார்கள். நான் போயிருக்கிறேன். ஒன்றில் பந்தலும் சால்வையும்தான் மிச்சம், கேள்விக்கு நேரம் இல்லை. இன்னொன்றில் உதவிப் பொறியாளர் பதில் சொல்ல முடியாமல் திணறி, மறுநாளே எங்கள் தெரு வடிகாலைத் திறந்து பார்த்தார். பகுதி சபைப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்பது பெரிய ஓட்டை. கானாவின் நியமன உறுப்பினர் கதைதான் இது. நியமித்தவர் முகத்தைத்தான் அவர் பார்ப்பார்.

கொருக்குப்பேட்டை அக்கா எழுதியது:

எங்கள் குழு அடுத்த பகுதி சபைக்குப் போகிறது. பொதுவாகக் கத்தினால் "ஆவன செய்யப்படும்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் கேள்வியை எழுதியே எடுத்துக்கொண்டு போகிறோம். கொசஸ்தலை வடிநிலத்துக்கு 3,220 கோடியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் வாங்கி மழைநீர் வடிகால் கட்டுகிறார்களே, அது எங்கள் பக்கம் எந்தத் தெருவோடு நிற்கிறது? அதற்கு இந்தப் பக்கத் தெருத் தண்ணீர் எங்கே போகும்? வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டது யார்? மூன்றே கேள்வி. பதிலை மினிட்ஸில் ஏற்றி நகல் கொடுக்க வேண்டும்.

முகத்துவாரம், உங்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள், மண்டலம் வேறு என்று தள்ளினால் எந்த மண்டலம் என்பதையாவது எழுதி வாங்கி வருகிறோம். கப்பல் பட்டறை அண்ணே, நீங்களும் வாருங்கள். அதிகாரியைப் பாராட்டுவதாக இருந்தாலும் அங்கேயே வந்து, அவர் முன்னால் பாராட்டுங்கள்.

கப்பல் பட்டறை எழுதியது:

வருகிறேன். வடிகால் மூடியின் வெல்டிங் எப்படி இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன், அதை நான்காவது கேள்வியாகச் சேருங்கள்.